மே மாதம், 36 டிகிரி அறை: காரைக்குடியில் ஒரு ஸ்டாக் கூலர் மாற்றம்

மெஷின் இருக்கும் இடம், காரைக்குடியில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நடக்கும் டிடிபி கடை. இன்டெல் ஐ5-10400 பிராசஸர், எச்410 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், எம்.2 எஸ்எஸ்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸர் பெட்டிக்குள் கூடவே வந்த கூலரே, அதாவது பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ‘ஸ்டாக்’ கூலரே, நாலு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. காலை பத்து மணி வரை பிரச்சினை இல்லை. உச்சி வெயில் ஏறியதும் ஃப்ளெக்ஸ் ஃபைலை எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஃபேன் கத்துகிறது, மவுஸ்கூட இழுக்கிறது. அதே ஃபைல் ராத்திரி எட்டு மணிக்குச் சட்டென்று முடிந்துவிடுகிறது.

பகலில் மந்தம், ராத்திரியில் வேகம் என்றால் வைரஸ் தேட வேண்டாம், விண்டோஸை அழித்துப் போட வேண்டாம். தெர்மாமீட்டரை எடுங்கள்.

சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து, பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை 10 நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தோம். குறிக்க வேண்டியது நாலு எண்கள்: பிராசஸர் பேக்கேஜ் (முழு பிராசஸரின்) வெப்பநிலை, பேக்கேஜ் பவர் (அது எடுக்கும் மின்சாரம்), கிளாக் வேகம், கேபினெட்டின் முன்பக்கம் உள்ளே போகும் காற்றின் சூடு. நாலாவதை யாரும் அளப்பதில்லை. ஆனால் மற்ற மூன்றுக்கும் அர்த்தம் தருவது அதுதான். இந்த பிராசஸர் தாங்கும் உச்சம் 100 டிகிரி. அதைத் தொட்டதும் எரிந்துபோகாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எல்லா கோர்களும் சேர்ந்து ஓடும்போது 4 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது, இங்கே ஒரு நிமிடத்துக்குள் 100-ஐத் தொட்டு 2.9-க்கு இறங்கிவிட்டது. பேக்கேஜ் பவர் 44 வாட். தொடர்ந்து 65 வாட் வரை எடுக்க உரிமை உள்ள பிராசஸர் 44-லேயே மூச்சுத் திணறுகிறது.

அறையின் சூடு 36. உள்ளே போகும் காற்றின் சூடு 43.

அந்த ஏழு டிகிரி வித்தியாசத்துக்குக் காரணம் கம்ப்யூட்டர் மேசை. கேபினெட்டை நுழைத்து வைக்க ஒரு பெட்டியும் அதற்கு ஒரு கதவும் வைத்துச் செய்த மாதிரி. பின்னால் வெளியேறும் சூடான காற்றுக்குப் போக வழியில்லாமல் சுற்றிவந்து முன்பக்கமாகவே மறுபடி உள்ளே போகிறது. கூலர் எவ்வளவு பெரிதானாலும் காற்றை விடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. ‘காற்றை விட இத்தனை டிகிரி மேலே’ என்றுதான் அதனால் நிறுத்த முடியும். 22 டிகிரி ஏசி அறையில் சோதித்து யாராவது 70 டிகிரி என்று எழுதியிருந்தால், அதே கூலர் அதே வேலைக்கு நம் ஊர் மே மாத முகப்பில் 84 காட்டும். அதில் கோளாறு ஒன்றும் இல்லை, வெறும் கூட்டல்தான். வாங்குமுன் விமர்சனங்களைப் படிப்பவர்கள் அந்த 14 டிகிரியைச் சேர்த்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, புதுக் கூலர் வாங்குவதல்ல. மெஷினை மேசைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தோம். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், கூலர் ஃபேன் மேலிருந்து பார்க்கச் சுத்தமாக இருந்தது. இறக்கைகளுக்குக் கீழே, அலுமினியத் தகடுகளின் மேல், கம்பளித் துணி மாதிரி ஒரு படலம். காகிதம் வெட்டும் இடத்தில் பறக்கும் தூளும் தெருச் செம்மண்ணும் சேர்ந்து அழுத்திய படலம் அது. ப்ளோயர் மேலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறங்கும். பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். இரண்டும் முடிந்ததும் மறுபடி சோதனை: உள்ளே போகும் காற்று 37, பவர் 57 வாட், வேகம் 3.5. வெப்பநிலை மட்டும் இன்னும் அதே 100. அப்படியானால் கோளாறு காற்றில் இல்லை, பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே இருக்கிறது.

கழற்றுமுன் மெஷினை ஐந்து நிமிடம் வேலை கொடுத்துச் சூடாக்கினோம். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த இடையே பூசும் பேஸ்ட், பழையதானால் குளிர்ந்த நிலையில் பசை போல இறுகியிருக்கும். சூட்டில் இளகும். பிறகு ஷட் டவுன், எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) சுவிட்ச் ஆஃப், பவர் கார்டு வெளியே. கார்டை உருவியபின் பவர் பட்டனை ஒரு முறை அழுத்தினால் மிச்சமிருக்கும் கரண்டும் இறங்கிவிடும். பழைய வீடுகளில் இதில் சோம்பல் கூடாது. ப்ளக் பாயிண்டில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குள் எர்த் வயர் இருக்காது. எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ், தன் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கேபினெட் தகட்டில் மின்சாரத்தைக் கசியவிடும். தகட்டைத் தொட்டால் விரலில் ‘சுர்’ரென்று ஏறுவது அதனால்தான். கூலர் மாற்றுவதோடு அந்த பாயிண்டுக்கு எர்த் இழுக்கச் சொல்வதும் இந்த வேலையில் சேர்த்தி. உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் மின்சாரத்துக்கு, பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலை தொடங்கினால் போதும். நைலான் பாய்மேல் உட்கார்ந்து செய்யாதீர்கள்.

ஸ்டாக் கூலரின் நாலு மூலையிலும் கறுப்புத் தலையுள்ள பிளாஸ்டிக் பின்கள். தலையில் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் பிடி விடும். மூன்று பின்கள் ‘டக்’கென்று வந்தன. நாலாவது, ரேம் ஓரமாக மறைந்திருந்தது, தொட்டதும் ஆடியது. அது எந்தக் காலத்திலும் பூட்டியிருக்கவில்லை. தலை கழற்றும் நிலைக்குத் திருப்பியபடியே இருக்க, முன்பு கைவைத்தவர் அப்படியே அமுக்கிவிட்டிருக்கிறார்.

இந்தப் பின் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறுகள் வராது. போர்டின் துளைக்குள் போவது, நடுவில் பிளந்த ஒரு வெள்ளைக் கால். அதற்குள் கறுப்பு ஊசி இறங்கும்போது பிளவு விரிந்து போர்டின் அடிப்பக்கத்தைக் கவ்வும். தலை திரும்பியிருந்தால் ஊசி இறங்கினாலும் நிற்காது, காலும் விரியாது. மூன்று பிடித்து ஒன்று பிடிக்காவிட்டால் கூலரின் அடிப்பாகம் அந்த மூலையில் மயிரிழை தூக்கிக்கொள்ளும். கூலரைத் திருப்பிப் பார்த்தபோது அதன் சாட்சி அப்படியே இருந்தது: ஒரு பாதியில் பேஸ்ட் மெல்லிய சாம்பல் பூச்சாக நசுங்கியிருக்க, மறு பாதியில் தொழிற்சாலையில் பூசிய கோடுகள்கூட அழியாமல் தடிப்பாக நின்றன. நாலு வருடமாகப் பாதி பிராசஸருக்குத்தான் கூலர்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதில் மின் இணைப்புக்கான மெல்லிய பின்கள் பிராசஸரிலேயே இருக்கின்றன, சாக்கெட்டில் அதை அமுக்கிப் பிடிக்கும் தகடு கிடையாது. கூலரை நேராகத் தூக்கினால் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். சூடாக்கி, இடமும் வலமுமாகத் திருகி, பிடி விட்டபிறகுதான் தூக்க வேண்டும். இன்டெல்லில் அந்தப் பயம் இல்லை. திருகி எடுப்பது என்னவோ இரண்டுக்கும் நல்லதுதான்.

துடைக்க 99 சதவீத ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்). மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் சில வகைகளில் எண்ணெய் கலந்திருக்கும், அது படலமாக நின்றுவிடும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். நைந்த வேட்டித் துணி கைக்கு மெத்தென்று இருந்தாலும் நூல் உதிர்க்கும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி சரியாக இருக்கும். காய்ந்த பேஸ்டை முதலில் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் வழித்துவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் அழுக்கு சாக்கெட்டுக்குள் போய்ச் சேரும்.

புதிய கூலர் போடுமுன் ஒரு நேர்மையான சோதனை பாக்கி இருந்தது. பழைய கூலரையே புதுப் பேஸ்ட் வைத்து, நாலு பின்னையும் சரியாகப் பூட்டி ஓடவிட்டோம். தலைகளை அம்புக்கு எதிர்ப்பக்கம் கடைசி வரை திருப்பி வைத்து, மூலைக்கு மூலை எதிரெதிராக அமுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ‘க்ளிக்’ என்று சொல்ல வேண்டும். அமுக்கும்போது போர்டு வில்லாக வளைகிறது என்றால் வெளியே எடுத்து மேசைமேல் வைத்துச் செய்வதே மேல். கடைசியில் போர்டின் பின்புறம் பார்த்தால் நாலு கால்களிலும் கறுப்பு ஊசி ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். விளைவு: 37 டிகிரி காற்றில், முழு 65 வாட்டில், 84 டிகிரி. வேகம் 3.8. செலவு ஒரு துளி பேஸ்ட்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேக இழப்பு என்ற புகார் இத்தோடு தீர்ந்துவிட்டது. ஸ்டாக் கூலர் கெட்டது என்று பொதுவாகச் சொல்வதில் நியாயமில்லை. சரியாக உட்கார்ந்தால் 65 வாட்டை அது சமாளிக்கும். அப்படியும் டவர் கூலர் (கோபுரம் போல நின்று பக்கவாட்டில் ஊதும் வகை) போட்டதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று சத்தம்: 84 டிகிரியில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது, வாடிக்கையாளரோடு பேச முடியவில்லை. இரண்டாவது, ஒரு பின்னின் காலில் மடிப்பு வெளுத்திருந்தது. பிளாஸ்டிக் வெளுத்துவிட்டால் அடுத்து வெடிப்புதான்.

கூலர் தேர்வில் அளவு முதலில். நாலு ஹீட்பைப் (சூட்டை மேலே கடத்தும் செம்புக் குழாய்), ஒரு 120 மி.மீ. ஃபேன், 155 மி.மீ. உயரமுள்ள டவர் எடுத்தோம். உயரம் என்று கூலர் பெட்டியில் போட்டிருப்பது பிராசஸரின் மேல்தகட்டிலிருந்து அளந்தது. அடிக்கோலைப் போர்டின்மேல் நிறுத்தி, பக்கத் தகடு உட்காரும் விளிம்பு வரை அளந்தால் 168 மி.மீ. பிராசஸர் போர்டுக்கு மேலே நிற்பது சுமார் 8. மிச்சம் 160, கையில் 5 மி.மீ. இடைவெளி. பக்கத் தகட்டில் உள்பக்கமாகத் துருத்தும் ஃபேனோ குழாயோ இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ரேமில் உயரமான அலங்காரத் தகடுகள் இருந்தால் முதல் ஸ்லாட் ஃபேனில் இடிக்கும்; இங்கே சாதா ரேம். சாக்கெட்டும் கவனம்: இந்த மெஷினின் எல்ஜிஏ1200, அதற்கு முந்தைய 1151, 1150 எல்லாவற்றுக்கும் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி 75 மி.மீ., எல்ஜிஏ1700-க்கு 78. மூன்று மி.மீ.தானே என்று இழுத்து மாட்டினால் ஸ்க்ரூ சாய்ந்து மரை போகும்.

டவர் கூலருக்குப் போர்டின் பின்னால் ஒரு பேக்பிளேட் (ஸ்க்ரூக்களைத் தாங்கும் தகடு) வேண்டும். பல கேபினெட்களில் அதற்காகத் தட்டில் ஒரு ஜன்னல் வெட்டியிருப்பார்கள். இதில் ஜன்னல் இருந்தது, பாதித் துளைகளை மறைத்துக்கொண்டு. ஆகவே போர்டு முழுதும் வெளியே வர வேண்டியதாயிற்று. முன்பேனல் சிறு வயர்களைக் கழற்றுமுன் மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். 24 பின் கேபிளும் பிராசஸர் ஓரத்து 8 பின் கேபிளும் கொக்கியை அழுத்தினால்தான் வரும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

பேக்பிளேட்டின் மூலைகளில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும், நம் சாக்கெட்டின் பெயர் பொறித்த துளையில்தான் போல்ட் போக வேண்டும். இன்டெல் போர்டின் அடியில் சாக்கெட்டுக்கென்று ஏற்கெனவே ஒரு இரும்புத் தகடு மூன்று ஸ்க்ரூவோடு இருக்கும். அதைக் கழற்றக் கூடாது. புதுத் தகட்டின் நடுப்பள்ளம் அதைச் சுற்றி உட்காரும். ஏஎம்4-இல் கதை வேறு: பல கூலர்கள் போர்டோடு வந்த பேக்பிளேட்டையே கேட்கும். நிறுத்திவைத்த கேபினெட்டில் மேல் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் அந்தத் தகடு பின்னால் விழுந்துவிடும், ஒரு கையால் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும்.

புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்துவிட்டீர்களா? எழுதிவைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய அளவுக்கு மறதி வரும் இடம் இது.

பேஸ்ட் எவ்வளவு என்று கேட்டால், நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு. அழுத்தம்தான் அதைப் பரப்பும். ஆனால் இந்தக் கூலரின் அடி வழவழப்பான ஒரே தகடு அல்ல. செம்புக் குழாய்களே நேராகப் பிராசஸரைத் தொடும் வகை. குழாய்க்கும் அலுமினியத்துக்கும் நடுவே நூல் அகலப் பள்ளங்கள் இருக்கின்றன. முதலில் அந்தப் பள்ளங்களில் கொஞ்சம் பேஸ்டை வைத்து ஏடிஎம் கார்டால் சமமாக இழுத்து நிரப்ப வேண்டும், பிறகுதான் பிராசஸர்மேல் துவரம்பருப்பு. நிரப்பாவிட்டால் பருப்பைப் பள்ளம் விழுங்கிவிடும். பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போட்டால் சூடு இன்னும் குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு. அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துப் பொடியாக்கிவிடும். அரிமான ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் ஊரில் அந்தத் தவறு ஆகாது.

கூலரை நேராக இறக்கி, எதிரெதிர் ஸ்க்ரூக்களாக ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று. ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பழைய சாய்வுக் கதைதான் திரும்ப வரும். ஸ்பிரிங் ஸ்க்ரூ அடி தட்டி நின்றால் போதும், அதற்குமேல் பலம் வேண்டாம். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் கொஞ்சம் நீளமானதாக இருந்தால் தகடுகளில் கீறாது.

ஃபேனில் காற்று போகும் திசை: குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம் வெளியேறும் பக்கம். ஃபேன் ரேம் பக்கமும், அதிலிருந்து வெளியேறும் காற்று கேபினெட்டின் பின்பக்கம் நோக்கியும் இருக்க வேண்டும். கம்பிக் கொக்கியை முதலில் ஃபேன் துளைகளில் மாட்டி, பிறகு தகட்டின் பள்ளத்துக்கு இழுக்கவும். ஒயரை சிபியூ ஃபேன் என்று எழுதிய 4 பின் இடத்தில்தான் சொருக வேண்டும். பக்கத்து சிஸ்டம் ஃபேன் பின்னில் சொருகினால் ஃபேன் சுற்றும், ஆனால் போர்டு அதைக் காணாமல் ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும்.

ஓடவிட்டோம். காற்று 37, பவர் 65, வெப்பநிலை 65, வேகம் அதே 3.8. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்: வேகம் கூடவில்லை, 65 வாட் வரம்பு இருக்கும்வரை கூடவும் செய்யாது. 19 டிகிரி குறைந்ததும் சத்தம் அடங்கியதும்தான் லாபம்.

ஆனால் ஒரு நஷ்டமும் கூடவே வந்தது. ஸ்டாக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதும். பிராசஸரைச் சுற்றியுள்ள விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும்) பாகங்களுக்கும் எஸ்எஸ்டிக்கும் இலவசக் காற்று கிடைத்துக்கொண்டிருந்தது. டவர் பக்கவாட்டில் ஊதுவதால் அந்தக் காற்று நின்றுபோயிற்று. இந்த போர்டின் விஆர்எம்மில் ஹீட்சிங்க் கிடையாது. ஐஆர் தெர்மாமீட்டரில் பழைய கூலருடன் 78 காட்டிய இடம் இப்போது 89. எஸ்எஸ்டி 52-லிருந்து 58. கேபினெட்டின் பின்பக்கம் காலியாக இருந்த இடத்தில் ஒரு 120 மி.மீ. ஃபேனை வெளியே இழுக்கும்படி மாட்டியதும் விஆர்எம் 76-க்கு இறங்கியது. மலிவு போர்டில் டவர் கூலர் போடுபவர்கள் அந்த ஃபேனையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) ஃபேன் வளைவை, அதாவது எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்ற கணக்கை, மாற்றாமல் விட்டால் இன்னொரு தொல்லை. போர்டின் சொந்த அமைப்பில் 40 டிகிரிக்கு மேல் ஃபேன் வேகமெடுக்கும். நம் ஊரில் மே மாதம் சும்மா இருக்கும்போதே பிராசஸர் 43, 45 என்று நிற்கிறது. ஃபேன் ஏறி இறங்கி ஏறி இறங்கி ‘உய்ங் உய்ங்’ என்று பாடும். பிடபிள்யூஎம் (4 பின் ஃபேனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும்) முறையில் வைத்து, 50 டிகிரி வரை 35 சதவீதம், 65-இல் 50, 75-இல் 75, 85-இல் 100 என்று மாற்றினோம். வேகம் ஏறுமுன் மூன்று வினாடி தாமதம் கொடுத்தால், ஒரு ஃபைல் திறக்கும் நேரத்துச் சூட்டுக்கெல்லாம் ஃபேன் பதறாது.

மேசைப் பெட்டியின் பின்பலகையையும் கதவையும் கழற்றிவிட்டு மெஷினைத் திரும்ப வைத்தபோது உள்ளே போகும் காற்று 38. தரையில் வைக்கலாமா என்றார்கள். ஆத்தங்குடிக் கல் குளுகுளுவென்று இருப்பது உண்மைதான். ஆனால் குளிர்ச்சி தரையில்தான், தரைமேல் ஓடும் காற்றில் தூசிதான் அதிகம். தரையைக் கழுவிவிடும்போது தண்ணீர் அடியிலுள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும். நாலு அங்குல உயரத்துக்குப் பலகை போட்டுத்தான் வைக்க வேண்டும். முன்பக்கம் கொசுவலைத் துணியை ஒரு மடிப்பு மட்டும் ஒட்டினோம். இரண்டு மடிப்பு போட்டுப் பார்த்ததில் வெப்பநிலை 4 டிகிரி ஏறியது. வலையை வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அதுவே கதவாகிவிடும்.

மெஷினை சர்வீஸுக்கோ, தேவகோட்டைக் கிளைக்கோ தூக்கிப்போவதாக இருந்தால், பக்கத் தகடு மேலே பார்க்கும்படி படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள டவர், நிமிர்ந்த கேபினெட்டில் போர்டைப் பிடித்துத் தொங்குகிறது. பஸ் ஒவ்வொரு வேகத்தடையில் ஏறும்போதும் அந்த நாலு ஸ்க்ரூவைத்தான் உலுக்கும்.